கொம்பு மழைக்கு, இலை வெயிலுக்கு: தருமபுரி வீட்டுத் தோட்டத்தில் உயரத் தக்காளி

பாலக்கோடு தக்காளிச் சந்தையில் ஐப்பசி மழை நாளொன்றில் நின்று பார்த்தால், ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பது புரியும். ஒன்றில் காய்கள் மண்படாமல், ஒரே நிறத்தில் இருக்கும். மற்றதில் காயின் அடிப்பக்கம் சேறு ஒட்டியிருக்கும்; சிலவற்றில் பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாக அழுகல் தொடங்கியிருக்கும். விதையும் உரமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். முதல் பெட்டி கொம்பு நட்டுக் கட்டிய தோட்டத்துக் காய், இரண்டாவது தரையில் படரவிட்ட காய் என்றால் பெரும்பாலும் தவறாது.

கர்நாடகத்துக் கோலார், ஆந்திரத்து மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை, தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு என்று இந்த மேட்டுநிலம் முழுவதும் தக்காளி நாடு. இங்குள்ள விவசாயிகள் தைலமரக் கொம்பும் சவுக்குக் கழியும் மூங்கிலும் வண்டியில் ஏற்றி வந்து, ஜி.ஐ. கம்பி இழுத்து, சணலால் செடியைத் தூக்கிக் கட்டுகிறார்கள். அது பெரிய முதலீடு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகள் வழியாக அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வேறு பருவங்களில் பறிக்கும் கூலிக்கே கட்டாமல் இதே மாவட்டத்தில் பழத்தைச் சாலையோரம் கொட்டியிருக்கிறார்கள். இப்படி ஏறி இறங்கும் விலையில் ஒவ்வொரு கொம்புக்கும் கணக்குப் பார்த்துத்தான் விவசாயி முடிவெடுக்கிறார்.

வீட்டுக் கொல்லையில் பத்துச் செடி வைப்பவருக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் குழப்பம் நிறைய உண்டு. நாட்டுத் தக்காளிக்குக் கொம்பு எதற்கு, தானே காய்க்கும் என்பது ஒரு பக்கம். பக்கக்கிளை அத்தனையும் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்ற வேண்டும், அடியிலை எல்லாம் கழிக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். முதல் கருத்து நம் ஊர்ப் பழைய பழக்கத்திலிருந்து வந்தது. இரண்டாவது வெயில் குறைந்த நாடுகளின் கண்ணாடிக் கூடங்களிலிருந்து வந்தது. தருமபுரியின் மண்ணுக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் இரண்டுமே முழுதாகப் பொருந்தவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் நிலைப்பாடு. செடியைத் தூக்கி நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் மொட்டையடிக்கக் கூடாது.

முதலில் விதையைப் பார்ப்போம். கொம்பு தேவையா என்பதை நாற்று வாங்கும் இடத்திலேயே பாதி முடிவு செய்துவிடுகிறோம். தக்காளியில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, வளர்ந்துகொண்டே போவது. ஏழெட்டு இலைக்குப் பின் முதல் பூங்கொத்து; அதன்பின் மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று, நோயோ வறட்சியோ தடுக்கும்வரை குருத்து நிற்காது. ஆறடி, எட்டடி எல்லாம் சாதாரணம். மற்றொன்று, தன் வளர்ச்சியைத் தானே முடித்துக்கொள்வது. இதில் கொத்துகளுக்கிடையே இலை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் குருத்தே பூங்கொத்தாகிவிடும். செடி இரண்டு மூன்றடியில் புதராக நிற்கும். காய் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கும். இந்த இரண்டாவது குணம் 1914-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தோட்டத்தில் தானாகத் தோன்றிய மரபுமாற்றம். 1927-ல் யேகர் என்னும் ஆய்வாளர் அதன் மரபியலை விளக்கினார். 1998-ல் அதற்குக் காரணமான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஒரே நாளில் இயந்திரத்தால் அறுக்கும் தொழிற்சாலைத் தக்காளிகள் எல்லாம் அந்த ஒரு மாற்றத்தின் வழிவந்தவை.

நம் பக்கத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 (மருதம்) இந்தக் குட்டை வகை. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியில் மரபுமாற்றம் தூண்டிப் பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1-உம் குட்டை வகைதான். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் பிரிவதற்கு முன் தருமபுரியோடு சேர்ந்திருந்த பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பையூர் 1 மானாவாரிக்கு ஏற்றது. பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இரண்டுக்கும் இடைப்பட்டது: இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். பூசா ரூபி வளர்ந்துகொண்டே போகும் வகை. செர்ரித் தக்காளிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். அவற்றைக் கட்டாமல் விட்டால் கொல்லையில் கால்வைக்க இடமிருக்காது. நாற்றங்காலில் கேட்க வேண்டிய கேள்வி, காய் உருண்டையா நீளமா என்பதல்ல. செடி நிற்குமா, போய்க்கொண்டே இருக்குமா என்பதுதான். விற்பவருக்குத் தெரியாவிட்டால், நட்ட ஏழாவது எட்டாவது வாரத்தில் செடியே சொல்லிவிடும். உச்சியில் இலைக்குருத்து தொடர்ந்து வருகிறதா, பூவோடு முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

குட்டை வகைக்கும் கொம்பு வீணில்லை. பி.கே.எம். 1 போன்ற செடியில் காய் எல்லாம் ஒரே சமயத்தில் ஏறினால் கிளை தரையைத் தொடும். அதற்கு மூன்றடிக் குச்சி ஒன்றும் ஒரு கட்டும் போதும். இந்தக் கட்டுரை பேச வருவது ஆறடிக்காரர்களைப் பற்றி.

கொம்பு என்ன செய்கிறது? காய் தரையைத் தொடாமல் காக்கிறது என்பது பாதி பதில்தான். தருமபுரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும். ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை மழை மிகுதி. அந்தக் காலத்தில் தக்காளிக்கு எதிரி, மேலிருந்து விழும் துளியைவிட மண்ணிலிருந்து தெறிக்கும் துளி. பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் மண்ணில் இருந்து, மழைத்துளி தெறிக்கும்போது ஓரடி உயரத்துக்குள் தொங்கும் பச்சைக்காயில் ஏறி, அந்தப் பழுப்பு வளைய அழுகலை உண்டாக்குகிறது. முன் இலைக்கருகலும் அடியிலையில்தான் தொடங்கும்: வட்டத்துக்குள் வட்டமாகக் கருத்த புள்ளி, சுற்றிலும் மஞ்சள், பிறகு மேல்நோக்கி ஒவ்வோர் இலையாக. செடி தரையில் கிடந்தால் இலை முழுவதும் அடியிலைதான். தூக்கிக் கட்டிய செடியில் நோய்க்கு ஏறவேண்டிய படி நீளுகிறது. அதோடு, மழைவிட்டதும் காற்றுப் புகுந்து இலை விரைவில் காய்கிறது. பூஞ்சைக்கு இலையில் ஈரம் நிற்கும் மணிநேரம்தான் உயிர். அதைக் குறைப்பதைவிடப் பெரிய மருந்து வீட்டுத் தோட்டத்தில் இல்லை.

இந்தக் காரணத்தால், தரையிலிருந்து 20 செ.மீ. வரையுள்ள பக்கக்கிளைகளை நீக்கச் சொல்லும் பல்கலைக்கழகப் பரிந்துரை எனக்கு முழு ஏற்பு. ஓரடி வரை இலையையும் கழிக்கலாம். ஆனால் அதைச் செடி நன்றாக எழுந்து முதல் கொத்து காய் பிடித்தபிறகு செய்ய வேண்டும். நட்ட மூன்றாம் வாரத்தில் செடிக்கு இருக்கும் எட்டு இலையில் நாலைக் கிள்ளுவது அதன் சோற்றில் கைவைப்பது.

இங்கிருந்துதான் வழி பிரிகிறது. ஓரடிக்கு மேலே என்ன செய்வது?

குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்தில் ஒற்றைத் தண்டு முறை அறிவுள்ள முறை. அங்கே வெளிச்சம் குறைவு. ஒவ்வோர் இலைக்கும் ஒளி கிடைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு வாடகை கொடுப்பதால் செடிகளை நெருக்கி நட்டு, பக்கத்துளிர் அத்தனையும் கிள்ளி, கயிற்றில் ஏற்றுகிறார்கள். ஒரு செடியில் காய் குறையும். ஆனால் காய் பெரியது, முன்கூட்டியே பழுக்கும், இடத்துக்கு வரவு அதிகம். தருமபுரி ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை இரண்டாவது வாரத்தில் ஒருமுறையும் ஆவணித் தொடக்கத்தில் மறுமுறையும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பங்குனி, சித்திரையில் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும். இங்கே நமக்குப் பஞ்சம் வெளிச்சத்தில் இல்லை, நிழலில்தான்.

வெயில் நேரே படும் காயின் தோல், சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரி வரைகூடச் சூடேறும். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது; மஞ்சள் நிறமி மட்டும் உருவாகும். கோடையில் பழம் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான், உரக்குறை அல்ல. இன்னும் சூடேறினால் அந்த இடம் வெளுத்து, தோல் காகிதமாகி, பிறகு பூஞ்சை ஏறும். இலையைக் கழித்துக் கட்டிய செடியில் இந்த வெயில்காயம் அதிகம், காய் வெடிப்பு அதிகம், அடிக்கருப்பும் அதிகம். தக்காளி வளர்க்கும் சூடான நாடுகள் பலவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. அடிக்கருப்பு சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. நீர் ஒருநாள் அதிகம் ஒருநாள் குறைவு என்று ஏறி இறங்கும்போது வருவது. உயர்த்திக் கட்டிய செடியில் காற்று அதிகம் படுவதால் நீரும் விரைவாகச் செலவாகிறது. தரையில் படர்ந்த செடி தன் மண்ணைத் தானே மூடிக்கொள்ளும். நிமிர்த்திக் கட்டிய செடிக்கு அந்த மூடாக்கை நாம்தான் போட வேண்டும். கடலைத் தோல், கேழ்வரகுத் தாள், பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் வயல்களில் மிஞ்சும் சோகை என்று இதற்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. மூன்று அங்குலக் கனத்துக்கு இட்டால் மழைத்துளி தெறிப்பதும் அடங்கும். கொம்பு நட்டு மூடாக்கு இடாதவர் பாதி வேலை செய்தவர்.

ஆக, தருமபுரியில் ஒரு செடிக்கு இரண்டு அல்லது மூன்று தண்டு என்பதே சரி என்று நினைக்கிறேன். முதல் பூங்கொத்துக்கு நேர்கீழே இலைக்கக்கத்தில் கிளம்பும் துளிர்தான் மற்றவற்றைவிட வலுவானது. அதை விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே இன்னொன்றை விடலாம். அதற்கும் கீழே வருபவற்றைச் சுண்டுவிரல் நீளத்துக்குள் இருக்கும்போது விரலாலேயே கிள்ளிவிடலாம். மேலே வரும் துளிர்களை முழுதாகக் கிள்ளாமல், இரண்டு இலை விட்டு நுனியை மட்டும் கிள்ளினால் காய்க்கு மேலே ஒரு குடை கிடைக்கும். கார்த்திகையில் நட்ட செடிக்கு, தை வெயில் இதமாக இருப்பதால், கொஞ்சம் திறந்து விடலாம். மாசியில் நட்டதற்கு ஓரிலைகூடத் தேவையின்றிக் கழிக்க வேண்டாம். ஆனி, ஆடியில் நட்டது மழையில் காய்க்கும். அதற்கு அடியைத் திறந்து, உச்சியை மூடி வைப்பது நல்லது. எல்லாப் பட்டத்துக்கும் ஒரே வெட்டு என்று சொல்லும் எந்த அறிவுரையையும் நம்ப எனக்கு மனமில்லை.

கொம்புக்கு வருவோம். சந்தையில் கிடைப்பது சவுக்கு, தைலமரம், மூங்கில். சவுக்குக் கழி நேராக இருக்கும், கனம் தாங்கும், இரண்டு மூன்று பருவம் உழைக்கும். பிளந்த மூங்கில் இலகு. ஆனால் விளிம்பு கூர், தண்டை அறுக்கும், சீவி வழவழப்பாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த மாவட்டத்தில் பட்டுப்புழுவுக்காக மல்பெரி வளர்ப்பவர் ஏராளம். கவாத்து செய்த மல்பெரிக் குச்சி நாலடி ஐந்தடிக்குக் கிடைக்கும். துவரை அறுத்தபின் மிஞ்சும் மார் கிளைகளோடு நிற்பதால், குட்டைச் செடியைச் சுற்றி நாலைந்தாக ஊன்றினால் கட்டே இல்லாமல் தாங்கும். நொச்சி, மரவள்ளிக் குச்சியும் ஆகும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மல்பெரி, நொச்சி, மரவள்ளி, கிளுவை எல்லாம் பச்சையாக நட்டால் துளிர்த்து வேர்விடும், தக்காளியின் நீரையும் உரத்தையும் பங்குபோடும். வெயிலில் சில வாரம் காயவைத்து நட வேண்டும்.

செம்மண்ணில் கொம்புக்கு எதிரி கரையான். புரட்டாசியில் நட்ட தைலமரக் கொம்பு மார்கழிக்குள் மண்மட்டத்தில் முறிவது வழக்கமான காட்சி. அடியில் தார் பூசுவது பழக்கம். காய்கறிப் பாத்தியில் பழைய இன்ஜின் ஆயில் தோய்ப்பதை நான் ஏற்கமாட்டேன், அது மண்ணில் ஊறும். குழியில் வேப்பம்பிண்ணாக்கு இடுவது ஓரளவு காக்கும். கரையான் கடுமையான இடத்தில் இரண்டடி இரும்புக் கம்பியையோ பழைய ஜி.ஐ. குழாய்த் துண்டையோ மண்ணில் அடித்து, அதில் கழியைக் கட்டிவிடுவது எல்லாவற்றிலும் உறுதி. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பந்தல்களுக்கு நடும் கருங்கல் கால் வீட்டுக் கொல்லையில் இரண்டு இருந்தால் தலைமுறைக்கும் போதும். ஒருமுறை நட்டால் அவரைக்கும் புடலைக்கும் தக்காளிக்கும் அதே கால்தான்.

உயிருள்ள கொம்பு என்ற எண்ணமும் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியை நட்டு அதன்மேல் கொடியை ஏற்றுகிறார்கள். கொம்பும் நிழலும் ஒரே மரத்தில் கிடைக்கின்றன. கோடைத் தக்காளிக்குப் பாத்தியின் மேற்கு ஓரத்தில் நாலைந்து அகத்தி நிற்பது பிற்பகல் வெயிலைச் சல்லடையாக்கித் தரும். ஆனால் தக்காளியை அதன்மேலேயே கட்டுவதைவிட இரண்டடி தள்ளித் தனிக்கொம்பில் கட்டுவது நல்லது, வேர்ப்போட்டி குறையும். முருங்கையைப் பக்கத்தில் வைத்தால் மழைக்காலத்தில் கம்பளிப்புழு வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மக்காச்சோளத் தட்டையில் தக்காளியை ஏற்றலாம் என்று சிலர் சொல்வது ஏற்கத்தக்கதல்ல. இரண்டையும் துளைப்பது ஒரே பச்சைக் காய்ப்புழு. அந்தப் புழுவைத் திசைதிருப்ப வேண்டுமானால் செண்டுமல்லி இருக்கிறது. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை என்று, 40 நாள் செண்டுமல்லி நாற்றை 25 நாள் தக்காளி நாற்றோடு நடச் சொல்வது ஹெசரகட்டா ஆய்வாளர்களின் முறை. செடி இரண்டும் ஒரே சமயத்தில் பூப்பதற்காகத்தான் அந்த வயது வேறுபாடு. பத்துச் செடித் தோட்டத்தில் இரண்டு செண்டுமல்லி போதும்.

கட்டும் முறைகளில் நான்கு உண்டு. செடிக்கு ஒரு கொம்பு என்பது எளியது. தண்டு இரண்டென்றால் கொம்பும் இரண்டாக, விரித்து நடலாம். ஆறடிக் கழியில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். தருமபுரி மண் அடியில் பாறையும் சரளையும் கொண்டது, பல இடங்களில் கடப்பாரை ஓரடிக்கு மேல் இறங்காது. அங்கே மூன்று கழியை முக்காலியாகச் சாய்த்து உச்சியில் கட்டிவிட்டால் ஆழம் குறைவாக இருந்தாலும் நிற்கும். கொம்பை நடவின்போதே நட்டுவிடுவது உத்தமம். வழக்கமான பரிந்துரை நட்ட 30-ஆவது நாள் என்கிறது. வயலில் அது சரி, வீட்டில் முன்பே செய்தால் வேர் அறுபடாது.

வரிசையில் ஐந்தாறு செடி இருந்தால், இரண்டு செடிக்கு ஒரு கொம்பாக நட்டு, கொம்பிலிருந்து கொம்புக்குச் செடியின் இருபுறமும் கயிறு ஓட்டி, செடியை நடுவில் பிடிக்கலாம். தரையிலிருந்து முக்காலடியில் முதல் கயிறு. பிறகு செடி ஓரடி ஏற ஏற ஒரு கயிறு. இரண்டு மூன்று தண்டு விடும் நம் முறைக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஒத்துப்போவது. இலையைக் கழிக்காமல், தனித்தனியாகக் கட்டாமல், மொத்தச் செடியும் ஒரு சுவராக எழும். கடைக்கோடிக் கொம்புகளுக்கு மட்டும் வெளிப்பக்கம் சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும். கயிற்றின் இழுப்பு முழுவதும் அவற்றின்மேல்தான்.

வெல்டிங் கம்பிவலையை ஒன்றரை அடி விட்டத்துக்கு வளைத்து ஐந்தடி உயரக் கூண்டாக்குவது மூன்றாவது. கை நுழைந்து காயை வெளியே எடுக்கும் அளவு கண்ணி இருக்க வேண்டும், நாலங்குலத்துக்குக் குறையக் கூடாது. முதலில் செலவு, பிறகு பத்தாண்டுக்குக் கவலையில்லை. கிள்ளவோ கட்டவோ நேரமில்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இலை நிறைந்து நிற்பதால் கோடைக்கும் நல்லது. மழையில் மட்டும் உள்ளே காற்றுப் புகக் கொஞ்சம் விலக்கிவிட வேண்டும். நான்காவது, ஏழடி உயரத்தில் கம்பி இழுத்து அதிலிருந்து கயிறு தொங்கவிட்டுத் தண்டைச் சுற்றி ஏற்றுவது. மாடித் தோட்டத்துக்கு வேறு வழி சரிவராது. ஏனென்றால் வளர்ப்புப் பையிலுள்ள தென்னைநார்க் கழிவு எந்தக் கொம்பையும் பிடித்து நிறுத்தாது. காற்றடித்தால் பையோடு சாயும். நாலு மூலையில் குழாய் நிறுத்திக் கைப்பிடிச்சுவரோடு பிணைத்தால், கயிறும் அதில் தொங்கும், சித்திரையில் 35 சதவீத நிழல்வலையையும் அதன்மேலேயே விரிக்கலாம்.

வரிசையைத் தெற்கு வடக்காக அமைக்கச் சொல்லிப் புத்தகங்கள் எழுதுகின்றன. இரண்டு பக்கமும் சமமாக ஒளி படும் என்பது காரணம். இந்த மாவட்டத்தில் நான் கிழக்கு மேற்கையே விரும்புகிறேன். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. தெற்கு வடக்காக நின்ற இலைச்சுவர் அதை முழு மார்பில் வாங்கிக் கொம்போடு சாயும். கிழக்கு மேற்காக நின்றால் காற்று வரிசையின் ஊடே ஓடிவிடும். கோடையின் பிற்பகல் மேற்கு வெயிலும் வரிசையின் ஒரு முனையில் மட்டும் படும். தனிக்கொம்பாக இருந்தால், செடிக்கு மேற்கே கொம்பை நட வேண்டும்; காற்று செடியைக் கொம்பிலிருந்து விலக்கித் தள்ளுமே தவிர அதன்மேல் உராய்க்காது.

கட்டுவதற்கு நைலான் வேண்டாம். காய்க்கனம் ஏறியதும் தண்டை அறுத்துவிடும். பழைய வேட்டி, சேலைக் கிழிசல் இரண்டு விரல் அகலத்துக்கு இருந்தால் அதைவிட மென்மையான கட்டு இல்லை. நனைத்த வாழைநாரும் சணலும் நல்லவை. பருவம் முடிந்ததும் செடியோடு எருக்குழிக்கே போய்விடலாம். எட்டு என்ற எண்ணின் வடிவில், தண்டுக்கு ஒரு வளையமும் கொம்புக்கு ஒரு வளையமும் வரும்படி கட்ட வேண்டும். தண்டுப் பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். பூங்கொத்துக்கு நேர்கீழே கட்டாமல், ஓர் இலைக்காம்புக்குக் கீழே கட்டினால் தண்டு வழுக்கி இறங்காது. முற்றிலும் அசையாமல் இறுக்குவது தவறு. காற்றில் ஆடும் தண்டு தடிக்கிறது, அசைவற்ற தண்டு மெலிந்து நீள்கிறது என்பதை 1973-ல் மார்க் ஜாஃபி என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர் விரிவாக ஆராய்ந்து எழுதினார். பூவுக்கும் அசைவு வேண்டும். தக்காளிப் பூவின் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. நீலப்பட்டைத் தேனீயும் தச்சன் தேனீயும் உடலை அதிரவைத்து அதை உதிர்க்கின்றன. தேனீ வராத மாடியில், காலை வெயில் ஏறும் நேரம் கொம்பை இரண்டு தட்டுத் தட்டினால் அந்த வேலை நடக்கும். இரவு வெப்பம் 22 டிகிரிக்கு மேல் நிற்கும் சித்திரை, வைகாசியில் மட்டும் தட்டியும் பயன் குறைவு, பூ உதிரும். செடியை நிழலில் காத்து, அடுத்த கொத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டும் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலை மொசைக் நச்சுயிரி தொட்டாலே தொற்றும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை போடுபவர் சோப்பால் கை கழுவாமல் துளிர் கிள்ளினால், முதல் செடியிலிருந்து கடைசிச் செடிவரை நோயை நட்டுக்கொண்டே போவார். காலை ஈரம் காய்ந்தபிறகு, நல்ல செடிகளை முதலிலும் சந்தேகமான செடியைக் கடைசியிலும் தொடுவது முறை.

கொம்பு காக்காதவையும் உண்டு. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நோய்க்கும், இலைப்பேன் கொண்டுவரும் மொட்டுக்கருகலுக்கும் செடி நின்றாலும் கிடந்தாலும் ஒன்றுதான். அதற்கு நோய் தாங்கும் விதையும் நாற்றங்காலில் வலைமூடலும்தான் காப்பு. தண்ணீர் தேங்கினால் கொம்பில் கட்டிய செடி நின்ற நிலையிலேயே வாடிச் சாகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது அரூரில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. அப்படிப்பட்ட மழையில் செடியைக் காப்பது கொம்பு அல்ல, ஓரடி உயர்த்திய மேட்டுப்பாத்தியும் நீர் வெளியேறும் வாய்க்காலும். இரண்டையும் நடவுக்கு முன் அமைத்தால்தான் உண்டு.

தோட்டக்கலைத் துறை காய்கறிப் பந்தலுக்குத் தரும் மானியம் விவசாயிகளுக்கானது, கொல்லைத் தோட்டத்துக்குப் பொருந்தாது. ஆனால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அழுகிய காயையோ சுருண்ட இலையையோ கையில் கொண்டுபோய்க் கேட்கலாம். மருந்துக்கடையில் கேட்டுத் தெளிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அறுவடை முடிந்ததும் கொம்புகளை அப்படியே நிற்கவிடக் கூடாது. நோய்க்கிருமி கட்டுத் தடத்திலும் மண்ணொட்டிய அடியிலும் தங்கும். பிடுங்கி, மண்போகக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து, சில நாள் வெயிலில் கிடத்திப் பரணில் அடுக்கலாம். கருங்கல் காலும் கம்பியும் அசையாமல் நிற்கும் இடத்தில் மீண்டும் தக்காளியோ, அதன் இனமான கத்தரியோ மிளகாயோ வேண்டாம். ஆனி, ஆடியானால் அவரை விதையை ஊன்றிவிடலாம். தை வரை பந்தல் காலியாக இருக்காது, மண்ணுக்கும் தழைச்சத்து சேரும்.